பொன்முகலிக் கரை நகரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உலகத்து ஆற்றங்கரை நகரங்களுள் ஒன்றைப் பற்றி இவ்விழாவில் பேச வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார். நைல் நதிக்கரையில் உள்ள கெய்ரோவைப் பற்றிப் பேசலாமே என்று அவரே வழியும் காட்டினார். யானும் இரண்டு திங்களாக அந்நகரைப் பற்றிக் கிடைத்த நூல்களைப் படித்து வந்தேன். ஆனால், படிக்கப் படிக்க என் உள்ளம் கெய்ரோவில் தங்கவில்லை. அது திரும்பி ஓடிவந்து, இங்கிருந்து ஏறக்குறைய 36 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பக்கத்து ஊர் ஒன்றில் நின்றுவிட்டது. அவ்வூர் காளத்தி. ஆகவே, கெய்ரோவைப் பற்றிச் சில சொல்லிவிட்டுக் காளத்திக்கு வந்துவிடுகிறேன். செயலாளர் பொறுத்தருள்வாராக.

கி. பி. 641-இல் அரபுப் படைத்தலைவர் அம்ரு என்பார் நைலின் கீழ்க்கரையில் பாசறை இறங்கிய இடம் ஃபுஸ்தாத் என்னும் ஊராயிற்று. 969-இல் பாத்திமிய மரபினர் அதற்கு வடக்கே மதில் எடுத்துக் கட்டிய ஊர் அல்-காஹிரா. அப்பெயரே மேனாட்டார் நாவில் கெய்ரோ எனத் திரிந்தது. மழையை அரிதாகவே காணும் நகரம் அது. நெடுந்தொலைவில் எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை, ஆவணி புரட்டாசித் திங்களில் வெள்ளமாக வந்து சேர்ந்தால்தான் எகிப்தில் உழவு உண்டு. ஆகவே 861-இல் ரோடா என்னும் ஆற்றிடைத் தீவில் ஆழமான கிணறு ஒன்று வெட்டி, அதன் நடுவே கல்தூண் நிறுத்தி, தூணில் முழக்கணக்குக் குறித்து வைத்தார்கள். ஆற்று நீர் கிணற்றுக்குள் வரும். தூணில் எத்தனை முழம் ஏறியிருக்கிறது என்று படியிறங்கிப் பார்ப்பார்கள். 16 முழம் ஏறினால் குடிகள் முழு வரி செலுத்த வேண்டும். அதனினும் குறைந்தால் முழு வரி கேட்கும் உரிமை அரசனுக்கு இல்லை. வெள்ளக் காலத்தில் நாள்தோறும் ஆறு எவ்வளவு ஏறியது என்பதைத் தெருத்தெருவாகக் கூவிச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்தனர். 1970-இல் அசுவான் பேரணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர் அவ்வெள்ளம் கெய்ரோவுக்கு வருவது நின்றது. கிணறும் தூணும் இன்றும் உள்ளன.

ஒரு நகரம் தன் ஆற்றை ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது என்னும் செய்திதான் என்னைக் காளத்திக்குத் துரத்தியது. நாம் காளத்திக்குப் போகிறோம். இராகு கேது பூசைக்குச் சீட்டு வாங்குகிறோம், அரை மணி நேரத்தில் பூசை முடிகிறது, வண்டியேறித் திரும்புகிறோம். ஆற்றைப் பார்த்தோமா? யான் திருப்பதிக்கு வந்த முதற் பல ஆண்டுகள் பார்த்ததில்லை. இந்தக் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டே மேலே பேசுகிறேன்.

பொன்முகலி என்றால் சிலர்க்கு விளங்காது. சுவர்ணமுகி என்றால் எல்லோர்க்கும் விளங்கும். இரண்டும் ஒன்றே. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, தொண்டவாடாவில் கல்யாணி, பீமா என்னும் சிற்றாறுகளைக் கூட்டிக்கொண்டு, நம் நகரின் தெற்கே திருச்சானூரையும் யோகிமல்லவரத்தையும் தொட்டு, குடிமல்லம் கடந்து, காளத்தியை அடைந்து, அப்பால் நாயுடுபேட்டை, வாகாடு வழியாகச் சென்று வங்கக் கடலில் கலக்கும் ஆறு அது. நீளம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். நைலின் நீளத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. சித்தூர் அன்பர்கள் தங்கள் நீவா நதியே இதனினும் பெருமை வாய்ந்தது என்று வழக்காட வரலாம். நீவாவைப் பற்றி அடுத்த ஆண்டு அவர்களே பேசட்டும். கேட்க யான் முதல் வரிசையில் இருப்பேன்.

தேவாரத்தில் இவ்வாற்றின் பெயர் முகலி. மலையிலிருந்து சந்தனமும் அகிலும் தேக்கும் உந்திக்கொண்டு வரும் பேராறு என்று ஞானசம்பந்தர் இதனைப் பாடுகின்றார். பின்வந்த சேக்கிழாரோ பொன் என்னும் அடையோடு பொன்முகலி என்பார். கிழக்கே ஓட வேண்டிய இவ்வாறு காளத்தியை அடைந்ததும் வடக்கே திரும்பிக் கோயிலின் மேற்குப் புறத்தை ஒட்டி ஓடுகின்றது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நைல் அங்கே. காளத்திக் கரையில் மட்டும் வடக்கு நோக்கும் முகலி இங்கே! காளத்தி இறைவன் சந்நிதியும் மேற்கு நோக்கியது. எனவே ஆற்றைப் பார்த்தவாறே அப்பெருமான் எழுந்தருளியிருக்கிறார் எனலாம். கோயிலுள் பாதாள விநாயகர் என்று ஒரு சந்நிதி உண்டு. ஏறக்குறைய 35 அடி ஆழம் ஒடுங்கிய படிகளில் இறங்கிச் சென்று வழிபட வேண்டும். அவ்விடம் ஆற்றின் மட்டத்தில் இருப்பது என்று ஊரார் சொல்வார்கள். ரோடாத் தீவின் கிணற்றைப் பற்றிப் படித்தபொழுது எனக்கு இந்தப் படிகளே நினைவுக்கு வந்தன.

இனிக் கண்ணப்பர் கதைக்கு வருவோம். கதை உங்களுக்குத் தெரியும். சிறு குழந்தைக்கும் தெரியும். ஆயினும் அக்கதையின் தொடக்கத்தை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்தவர் திண்ணனார். கன்னி வேட்டைக்குச் சென்ற அவர் ஒரு பன்றியைத் துரத்தி, நாணன், காடன் என்னும் இருவரோடு நெடுந்தூரம் ஓடி வந்துவிடுகிறார். பன்றி விழுந்தது. பசியும் நீர் வேட்கையும் வாட்டுகின்றன. தண்ணீர் எங்கே என்று திண்ணனார் கேட்கிறார். இந்தத் தேக்கங்காட்டுக்கு அப்பால் ஒரு மலை. அம்மலையின் பக்கத்தே பொன்முகலி ஓடுகிறது என்று நாணன் விடை சொல்கிறான். அந்த விடைக்குப் பின்னரே காளத்தி மலை திண்ணனாருக்குத் தெரிகிறது; மலையில் தேவர் இருக்கிறார் என்னும் செய்தியும் அதன் பின்னரே வருகிறது. திண்ணனார் இறைவனைத் தேடி வந்தவர் அல்லர். தண்ணீரைத் தேடி வந்தவர்.

அதன் பின்னும் பாருங்கள். கையில் ஊனும் வில்லும் இருக்கின்றன. நீர் கொண்டுசெல்லக் கலம் இல்லை. பொன்முகலியின் நீரை வாயில் நிறைத்துக்கொண்டு மலையேறி, அந்நீரையே திருமஞ்சனமாக இறைவன் முடிமேல் உமிழ்கிறார். சிவகோசரியார் என்னும் முனிவர் முறைப்படி நீராட்டுகிறார். அவரும் எடுத்து வருவது அதே ஆற்று நீர்தான். வேடனுக்கும் வேதியருக்கும் இடையே ஆயிரம் வேற்றுமை இருக்கலாம், நீர்த்துறை ஒன்றே.

இக்கதையைத் தமிழர் மட்டும் போற்றினார் என்று எண்ணிவிடலாகாது. கிருட்டிணதேவராயர் காலத்துத் தெலுங்குப் பெருங்கவிஞர் தூர்சடி, காளத்தி மான்மியம் பாடியவர். அதில் திண்ணனார் 'தின்னடு' ஆகிறார். உடுப்பூர் 'உடுமூரு' ஆகிறது. பொத்தப்பி நாடு பொத்தப்பி நாடாகவே இருக்கிறது. அம்மட்டோ? நம் நக்கீரர் கதையையும் அந்நூலில் அவர் விரித்துப் பாடியிருக்கிறார். நக்கீரர் பெயரால் வழங்கும் கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி நம்மிடம் பதினோராந் திருமுறையில் இருக்கிறது. நக்கீரர் கதை தெலுங்கரிடம் காவியத்தில் இருக்கிறது. 1954-இல் கன்னடத்தில் இராஜ்குமார் நடித்த 'பேடர கண்ணப்பா' படம் வெளிவந்தபொழுது, அவர்களும் அவரைத் தம்மவராகவே கொண்டனர். கண்ணப்பர் எந்த மொழியினர் என்று ஆராயப் புகுந்தால் வழக்கு முடியாது. தாகத்தோடு வந்தவர் பேசிய மொழி எதுவாயினும், ஆறு அதற்கு விடை சொல்லியிருக்கிறது.

மொழி பற்றிய பேச்சு வந்துவிட்டமையால் எல்லையைப் பற்றியும் ஒரு சொல். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகக் கூறுவதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். காளத்தியோ வேங்கடத்துக்குச் சற்று வடகிழக்கே இருக்கிறது. எல்லைக்கு அப்பாலும் தேவாரம் போயிற்று! பாடல் பெற்ற தலங்களுள் இன்றைய ஆந்திர மாநிலத்தில் இருப்பவை இரண்டு: சீபருப்பதம் எனப்படும் ஸ்ரீசைலம் ஒன்று, காளத்தி மற்றொன்று. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது, 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது, அதையொட்டி ம. பொ. சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1960 ஏப்ரல் முதல் நாள், படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி தமிழ்நாட்டுக்குச் சென்றது. திருப்பதியும் சித்தூரும் காளத்தியும் ஆந்திரத்தில் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. காளத்தி அதில் சேர்ந்தது. நம்மைப் புலம்பெயர்ந்த தமிழர் என்று அழைத்துக்கொள்கிறோம். என்னைப் போன்றவர்க்கு அது பொருந்தும். யான் காவிரிக் கரையிலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்தவன். ஆனால், இந்த அவையில் பாதிப் பேர் எங்கிருந்தும் பெயர்ந்தவர் அல்லர். அவர்களைச் சுற்றி எல்லைதான் பெயர்ந்தது. இரு சாராரும் ஒரே பந்தியில் இருந்து உண்கிறோம் என்பது இச்சங்கத்தின் சிறப்பு. எல்லை வழக்கில் எவர் வென்றார், எவர் தோற்றார் என்று கணக்கெடுக்கும் விருப்பம் எனக்கு இல்லை. அவ்வழக்கில் ஆற்றின் பெயரை எவரும் எடுத்ததில்லை என்பதே என் குறை.

வரலாற்றுக்கு வருவோம். பொன்முகலிக் கரையிலேயே நெடுங்காலத்துக்கு முற்பட்ட சின்னம் குடிமல்லத்து இலிங்கம். அது கிறித்துவுக்கு முற்பட்டது என்று அறிஞர் பலர் கருதுவர். அதில் வேடனைப் போல் நின்ற கோலத்தில் சிவன் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. கைகளில் ஆடும் மழுவும் உண்டு. அவ்வூரின் பழம்பெயர் திருவிப்பிரம்பேடு என்பதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள் கூறும். இங்கே யோகிமல்லவரத்துச் சுவர்களிலும் சோழர் காலத் தமிழ் எழுத்துக்களைக் காணலாம். நம் திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பகுதி தமிழே.

காளத்திக்கு அருகே தொண்டமநாடு என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் பழம்பெயர் தொண்டைமான் ஆற்றூர். பெயரிலேயே ஆற்றைத் தாங்கிய ஊர்! பல்லவரை வென்று தொண்டை நாட்டைச் சோழ நாட்டோடு சேர்த்த முதலாம் ஆதித்த சோழன் உயிர் நீத்தது அவ்வூரில். பிற்காலக் கல்வெட்டுக்கள் அவனைத் 'தொண்டைமான் ஆற்றூர் துஞ்சின உடையார்' என்றே குறிக்கும். ஆண்டு 907. அவன் மகன் முதலாம் பராந்தகன் அங்கே தந்தைக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுப்பித்தான். திருவிழா நாட்களில் பல சமயத்தார்க்கும் உணவளிக்க நிவந்தமும் ஏற்படுத்தினான். காவிரிக் கரையில் பிறந்த வேந்தன் முகலிக் கரையில் அடங்கியிருக்கிறான். தஞ்சைப் பெரிய கோயிலைக் காணப் பேருந்து அமர்த்திச் செல்லும் நாம், ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்தக் கோயிலைக் காணச் சென்றதுண்டா? சென்றவர் கை தூக்கலாம். (அவையில் இரு கைகள் எழுந்தன.) இரண்டு! நன்று, சென்ற ஆண்டு கேட்டிருந்தால் என் கையும் எழுந்திராது.

சோழர்க்குப் பின் அவர்க்கு அடங்கியிருந்த யாதவராயர் இப்பகுதியை ஆண்டனர். அவர்க்குப் பின் விசயநகரத்தார். 1516-இல் கிருட்டிணதேவராயர் காளத்தியில் நூற்றுக்கால் மண்டபமும் பெரிய கோபுரமும் எடுத்தார். ஏறக்குறைய அதே வேளையில், 1517 சனவரியில், துருக்கியர் கெய்ரோவைக் கைப்பற்றினர். அங்கே ஓர் அரசு வீழ்ந்துகொண்டிருந்தபொழுது இங்கே ஒரு கோபுரம் எழுந்துகொண்டிருந்தது. 1529-இல் அவர் தம்பி அச்சுதராயர், தலைநகரில் முடிசூடுவதற்கு முன்னரே காளத்தியில் முடிசூட்டிக்கொண்டார். ஒரு பேரரசனுக்கு முடிசூட்டத் தகுந்த ஊராக அக்காலத்தில் இது மதிக்கப்பட்டது என்றால் அதன் பெருமையை அளந்துகொள்ளலாம். அந்தக் கோபுரம் 2010 மே 26-ஆம் நாள் இடிந்து விழுந்தது. விரிசல் கண்டு முன்னரே மக்களை அகற்றியமையால் உயிர்ச் சேதம் இல்லை. 2017-இல் புதிய கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. புதியது அழகாகவே இருக்கிறது. எனினும் பழைய கோபுரத்தைப் பார்த்த கண்களுக்கு அது இருந்த இடம் இன்னும் நிரம்பவில்லை.

சென்னைக்கும் காளத்திக்கும் உள்ள உறவை இங்குச் சொல்லாமல் போவது முறையன்று. பொன்முகலி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஆர்மகான் என்று ஒரு துறை. ஆங்கில வணிகர் 1626-இல் அங்கே ஒரு பண்டசாலை அமைத்தனர். அது அவர்களுக்கு ஒத்துவரவில்லை. பின்னர், 1639-இல் தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கர் அளித்த உரிமையால் சென்னையில் கோட்டை கட்டினர். அந்நாயக்கரின் தந்தை சென்னப்ப நாயக்கர். அவர் பெயரால் சென்னப்பட்டினம் எழுந்தது என்பர். காளத்தி ஜமீன்தார்கள் அந்த மரபினரே. இன்று சென்னை குடிக்கும் கிருஷ்ணா நீர், 1983-இல் இரு மாநிலங்களும் செய்த உடன்பாட்டின்படி வெட்டப்பட்ட கால்வாயில் காளத்தி வட்டாரத்தின் வழியாகத்தான் போகிறது. 1996-இல் அது முதன்முதலாகத் தமிழ்நாட்டு எல்லையை எட்டியது. இவ்வட்டாரத்திலிருந்து சென்னைக்குப் பெயர் போயிற்று. இதன் வழியே நீரும் போகிறது. வாங்கிக்கொண்டவர்கள் நன்றி மறவாதிருந்தால் சரி.

காளத்தியின் பண்பை அறிய வேண்டுமானால் கோயிலினின்று வெளியே வந்து கலம்காரி எழுதுவோர் வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் உட்கார வேண்டும். கலம் என்பது எழுதுகோல். மூங்கிற் குச்சியின் நுனியைக் கூராக்கி, அதன்மேல் கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். சாயத்தில் தோய்த்து, விரலால் மெல்ல அழுத்த அழுத்தச் சாயம் கசிந்து இறங்கும். துணியை முதலில் கடுக்காய் நீரும் எருமைப் பாலும் கலந்து ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு, சாயம் பரவாமல் தடுக்கும். கறுப்புக்கு இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பல நாள் நீரில் புளிக்கவைப்பார்கள். அந்நீர் கடுக்காயேறிய துணியில் பட்டதும் கண்ணெதிரே கருக்கும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரால் எழுதிப் பின் சாயவேரிலோ மஞ்சிட்டியிலோ கொதிக்கவைப்பார்கள். நீலத்துக்கு அவுரி. இராமாயணமும் பாரதமும் கண்ணப்பர் கதையும் கட்டம் கட்டமாகத் துணியில் எழும். கீழே தெலுங்கில் கதை எழுதப்பட்டிருக்கும்.

இத்தொழிலில் ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் துணியை அலச வேண்டும். அலசுவதென்றால் வாளியில் முக்கி எடுப்பதன்று. ஓடும் நீரில் விரித்துப் பிடிக்க வேண்டும். மிகுதிப் படிகாரமும் சாயமும் நீரோடு ஓடிவிட வேண்டும். தேங்கிய நீரில் போட்டால், கரைந்த படிகாரம் துணியின் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்பு வேகவைக்கும்போது வேண்டாத இடமெல்லாம் சிவப்பேறிக் கதை கெடும். ஆகவே இக்கலை ஆற்றங்கரையில்தான் பிறக்க முடியும். ஆற்றங்கரையில்தான் வாழ முடியும். ஆங்கிலேயர் காலத்தில் நலிந்து கிடந்த இக்கலைக்கு, 1950-களில் கமலாதேவி சட்டோபாத்தியாயர் முயற்சியால் காளத்தியில் ஒரு பயிற்சி நிலையம் ஏற்பட்டு, மீண்டும் உயிர் வந்தது. அக்கலையின் பெரும்புலவர் ஜொன்னலகட்ட குரப்பச் செட்டியார் 2008-இல் பத்மஸ்ரீ பெற்றார். புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டம் வந்தது, குறியீடு வந்தது, ஆற்றில் தண்ணீர் வருவது அரிதாகிவிட்டது. இன்று ஆண்டின் பெரும்பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் விட்டுத் துணி அலசுவோரே மிகுதி. பழைய நிறத்தின் தெளிவு வரவில்லை என்று வயது முதிர்ந்த கலைஞர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை, உப்புக் குறைந்த சமையலைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அதுவே எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆறு ஏன் வற்றியது? முகலி என்றும் வற்றாத ஆறன்று. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய ஆறு அது. ஆனால், மழை நின்ற பின்னும் மணலுக்கடியில் நீர் ஓடிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1977-இல் கல்யாணியின் குறுக்கே அணை எழுந்தது. அந்நீரை நாம்தாம் குடிக்கிறோம். திருமலைக்கு வரும் அடியார்களும் குடிக்கிறார்கள். அதனைக் குறை கூற எனக்கு வாய் இல்லை. கரை நெடுக ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. எல்லாவற்றிலும் பெருங்கேடு மணல் போனது.

இந்த ஆற்றுக்குப் பொன் என்னும் பெயர் வந்ததற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கோயில் கட்டிய கூலியாட்கள் மாலையில் ஆற்றில் குளித்து ஒரு பிடி மணலை அள்ளுவார்களாம். அன்று உழைத்த உழைப்புக்கு ஏற்ற அளவு அந்த மணல் அவரவர் கையில் பொன்னாகிவிடுமாம். சோம்பியிருந்தவன் கையில் மணல் மணலாகவே இருக்குமாம். எவ்வளவு நேர்மையான கணக்கு! நம் காலத்திலும் அந்த மணல் பொன்னாகத்தான் ஆயிற்று. ஆனால், பொன்னானது உழைத்தவன் கையில் அன்று. இரவில் சுமையுந்துகளில் அள்ளிச் சென்றவர் கையில். மணல் என்பது ஆற்றின் நீர்ப்பை. அதனை அறுத்தெடுத்த பின் மழைநீர் தங்க இடம் இல்லை. வந்த வேகத்தில் கடலுக்கு ஓடிவிடுகிறது.

2003-ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில் என் அன்னையார் ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் காவிரியில் முழுகாமல் அடுப்பு மூட்டாத தலைமுறையைச் சேர்ந்தவர். காளத்திக்கு அழைத்துச் சென்றேன். கோயில் வாசலில் இறங்கியதும், "முதலில் பொன்முகலியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருகிறேன், துறை எங்கே?" என்றார். யான் விழித்தேன். பெரியபுராணத்தை மேடையில் பேசியவன் யான். ஆற்றுக்கு வழி தெரியவில்லை. யாரையோ கேட்டுக்கொண்டு சென்றோம். கண்ணுக்கெட்டிய வரை மணலும் முட்செடியும் குப்பையும்தான் இருந்தன. அன்னையார் ஒன்றும் பேசவில்லை. நடு ஆற்றில் ஒரு மூதாட்டி குந்தியிருந்து மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். அருகில் சென்றோம். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. அடியில் சிறிது நீர் ஊறியிருந்தது. அதனைத் தேங்காய்ச் சிரட்டையால் முகந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாம் ஊற்று என்போம். தெலுங்கில் அதற்குச் 'செலம' என்று பெயர். என் அன்னையாருக்குத் தெலுங்கு தெரியாது. அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. வந்தவர் என்ன தேடி வந்தார் என்பது அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. "தீஸ்கோம்மா" என்று சொல்லிச் சிரட்டை நீரை நீட்டினார். அன்னையார் இரு கையாலும் வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி நல்லாத்தான் இருக்கு, ஆழத்துக்குப் போயிடுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆற்றை மறந்தவர்க்கு ஆறு தன்னை நினைவூட்டும் நாளும் வந்தது. 2021 நவம்பரில் இந்நகரில் பெய்த மழையை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். தெருவெல்லாம் ஆறாயிற்று. சுவர்ணமுகி கரை புரண்டு, பாலங்களைச் சிதைத்து, திருச்சானூரில் கரையோரத்து வீடு ஒன்றை அப்படியே சாய்த்து விழுங்கியது. அந்தக் காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. யான் அந்த வாரம் காளத்திக்குச் செல்ல இயலவில்லை. வெள்ளம் வடிந்த பின் சென்றேன். ஆற்றில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. கலம்காரிக்காரர்கள் துணிகளைக் கொண்டுவந்து நீரில் விரித்துப் பிடித்திருந்தார்கள். வெள்ளத்தில் இழந்தவர்கள் பலர். அதை மறந்து மகிழ முடியாது. ஆயினும் ஒரு சிறுவன் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்று சிரித்த சிரிப்பு என் கண்ணைவிட்டு அகலவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடி அவன் அதற்கு முன் எத்தனை முறை பார்த்திருப்பானோ!

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாம் இன்பச் செலவு ஒன்று மேற்கொள்கிறோம். இவ்வாண்டு காளத்திக்குச் செல்வோம். பூசைச் சீட்டுக்காக மட்டும் அன்று. தொண்டைமான் ஆற்றூருக்குச் சென்று ஆதித்தன் அடங்கிய இடத்தில் சிறிது நேரம் நிற்போம். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த பேராசிரியர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளில் பலர் தமிழை வீட்டில் பேசுகிறார்கள், பள்ளியில் தெலுங்கில் படிக்கிறார்கள். அவர்கள் இரண்டு எழுத்தையும் ஒரே சுவரில் பார்க்கட்டும். குடிமல்லத்தில் இறங்கி வருவோம். கலம்காரிக்காரர் திண்ணையில் அமர்வோம்; பேரம் பேசாமல் ஆளுக்கு ஒரு துணியேனும் வாங்குவோம். கரையைத் தூய்மை செய்ய அவ்வூர்த் தெலுங்கு அன்பர்கள் சிலர் ஆண்டுக்கு இருமுறை கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நாமும் ஒரு நாள் அவர்களோடு கூடினால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

நாள் குறிப்பதில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஆற்றில் நீர் ஓடும் நாளாக அது இருக்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அதற்கு நாள் இல்லை. கெய்ரோவில் கூவுவோர் இருந்ததுபோல், காளத்தியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார்; ஆற்றங்கரைத் தெருவில் தேநீர்க் கடை வைத்திருப்பவர். முகலியில் தண்ணீர் வந்ததும் எனக்குத் தொலைபேசியில் சொல்லுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செய்தி வந்த அன்றே செயலாளரிடம் தெரிவித்துவிடுவேன். பேருந்து ஏற்பாடு அவர் பொறுப்பு.